மனைவியையும் சைக்கிள் ஓட்ட வைத்தால் சண்டை தீருமா?

கேள்வி இது: "கல்யாணமாகி இரண்டு வருடம். வார இறுதி சைக்கிள் ஓட்டம்தான் எனக்கு உயிர். 'என்னைவிட சைக்கிள்தான் பெரிசா?' என்று மனைவி கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவளையும் சைக்கிள் ஓட்ட வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?"

நான் சேலத்தில் வசிக்கிறேன். என் கணவர் பல வருடமாக நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர். நான் அவருக்குப் பிறகு ஆரம்பித்தவள். வீட்டில் காத்திருந்த பக்கமும் தெரியும், விடியலில் கிளம்பிப் போகிற பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி ஓட்ட ஆரம்பித்தால் நிறைய நல்லது நடக்கும். ஆனால் அதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் ஓட்டும் நேரத்தில் அவர் யாருக்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான் அது. ஓட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு வந்துவிட்டேன், மொத்தமே நாலரை மணி நேரம்தானே என்று அவருக்குத் தோன்றும். வீட்டில் இருப்பவரின் கணக்கு வேறு.

சேலத்து வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கு மேல் ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பினால் முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுக்க வேண்டும். ஆக, சனிக்கிழமை ராத்திரி சினிமா கிடையாது, வெளியே சாப்பாடு கிடையாது, சித்தப்பா வீட்டு விசேஷத்தில் இருந்து பாதியில் எழுந்து வர வேண்டும். திரும்பி வந்த பிறகு குளியல், டிபன், அப்புறம் அடித்துப் போட்டதுபோல் ஒரு தூக்கம். எழுந்திருக்கும்போது மணி மூன்று. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வாரத்துக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. அதில் மிச்சம் என்ன?

எங்கள் வீட்டில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். சைக்கிள் நேரம் என்பது சனிக்கிழமை இரவு படுக்கப் போவதில் தொடங்கி, ஞாயிறு மத்தியானத் தூக்கம் முடியும்வரை என்று வைத்துக்கொண்டோம். அதன்படி, காலையில் யார் ஓட்டிவிட்டு வருகிறாரோ அவர் மத்தியானம் தூங்கக் கூடாது. பாப்பாவும் சமையலறையும் அன்றைக்கு அவர் பொறுப்பு. இதைக் கேட்டுவிட்டு என் மாமியார், "ஏன் கண்ணு, களைச்சு வந்த மனுசனப் போயி வேலை வாங்கறியே" என்றார். அவருக்குப் பதில் சொன்னது என் கணவர்தான்: "அம்மா, நான் களைச்சது என் ஆசைக்குங்க." அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்கள் பிரெவே ஓட்டுகிறவராக இருந்தால் பேச்சு இன்னும் முன்கூட்டியே நடக்க வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெவே என்பது பந்தயம் இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். இந்த எண்களை மனைவியின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். 200 என்றால் ஒரு முழுப் பகல் போயிற்று. 600 என்றால் சனி, ஞாயிறு இரண்டும் போய், திங்கள்கிழமை கண் எரிச்சலோடு ஆபீஸ். அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் இருவரும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். தை, ஆவணி முகூர்த்தங்கள், பிள்ளையின் பரீட்சை, ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, அவரது அம்மா வீட்டுக்குப் போகும் நாள் எல்லாம் முதலில் குறிக்கப்பட வேண்டும். மிச்சமிருக்கும் தேதியில் பிரெவே. பணம் கட்டிவிட்டு வந்து தகவலாகச் சொல்வதுதான் மனதை அதிகம் புண்படுத்தும்.

சரி, அவரையும் ஓட்ட வைப்பது பற்றி.

உங்கள் பழைய சைக்கிளை அவருக்குக் கொடுக்காதீர்கள். நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். கணவர் புதிதாக ஒன்று வாங்குவார், பழையது மனைவிக்கு வரும். ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு வாங்கிய சட்டகத்தில் ஐந்தடிப் பெண் உட்கார்ந்தால் கைப்பிடி எட்டாது, தோளும் கழுத்தும் வலிக்கும், நிறுத்தும்போது கால் தரையைத் தொடாமல் பயம் வரும். நான்கு நாள் ஓட்டிவிட்டு எனக்கு இது ஒத்துவராது என்று வைத்துவிடுவார். ஒத்துவராதது அந்த சைக்கிளின் அளவு. சீட்டும் அப்படித்தான். பெண்களுக்கு இடுப்பின் உட்காரும் எலும்புகளுக்கு இடையே பொதுவாக அகலம் சற்று அதிகம், ஆண்களுக்கான ஒல்லி சீட் குத்தும். உடை விஷயத்திலும் அவசரப்படுத்த வேண்டாம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு மேல் தளர்வான பேன்ட்டும் நீளமான குர்தாவும் போட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவைத் தாண்டினேன். இன்றும் பல நாள் அப்படித்தான் போகிறேன், ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

முதலில் சமதளம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கொஞ்சம் விளக்குகிறேன். சமதளத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், ஒட்டிப் பின்னால் வருபவருக்கு அந்த எதிர்ப்பு நன்றாகவே குறைந்துவிடும். அதனால் பலத்தில் வித்தியாசம் உள்ள இரண்டு பேர்கூட சமதளத்தில் சேர்ந்து போக முடியும். மலையில் இந்த உதவி கிடையாது. எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. உடம்பையும் சைக்கிளையும் சேர்த்த எடையைத் தன் காலால் மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அங்கே யாருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. வேகமானவர் மெதுவானவருக்காகக் குறைத்து ஓட்டினால் சைக்கிள் தள்ளாடும், முதுகு வலிக்கும். மெதுவானவர் எட்டிப்பிடிக்க முயன்றால் மூன்றாவது வளைவிலேயே மூச்சு போய்விடும்.

எங்களுக்கு முதலில் தாரமங்கலம். ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அவர் முன்னால், நான் பின்னால். கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். அதையும் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தையும் நான் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்து முடிக்கும்வரை அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மனைவியோடு போகும்போது, எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். சராசரி வேகம் பார்க்கும் நாள் வேறு, இது வேறு.

அப்புறம் ஏற்காடு. சேலத்தில் சைக்கிள் வைத்திருக்கிற யாருக்கும் அந்த மலை வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும், கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். இதில் பக்கத்தில் பக்கத்தில் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆளுக்கு ஆள் அவரவர் வேகம். வளைவுகளுக்கு எண் இருப்பது பெரிய வசதி. எந்த வளைவில் சந்திப்பது என்று அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை ஆண்கள் யோசிப்பதே இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். "நான் மேலே ஏரிக்கிட்ட வெயிட் பண்றேன், நீ மெதுவா வா" என்பது அவருக்குச் சாதாரண வார்த்தை. விடிந்தும் விடியாத நேரத்தில் மலைப்பாதையில் தனியாக மிதித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது சாதாரணம் இல்லை. பின்னால் வரும் பைக் ஒன்று வேகத்தைக் குறைத்து, முந்தாமல், கூடவே வரும். அந்த அரை நிமிடம் என்னவென்று அனுபவித்த பெண்களுக்குத்தான் தெரியும். அதனால் சந்திப்பு இடங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு வளைவுக்கு ஒருமுறை சந்திக்கிறோம். அவர் முன்னால் போய் நிற்பார், நான் வந்து சேர்ந்ததும் கிளம்ப மாட்டார். எனக்கு மூச்சு வந்து, தண்ணீர் குடித்து, நான் சரி என்று சொன்ன பிறகுதான் கிளம்புவார். மெதுவானவர் வந்து சேரும் நொடியில் வேகமானவர் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டால், ஓய்வு ஒருவருக்கு மட்டுமே கிடைக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் மாறியவிதம் எனக்கு மிகவும் பிடித்தது.

இறங்கும்போது முறை மாறும். எடை அதிகமானவர் இறக்கத்தில் வேகமாக உருளுவார். அதனால் நான் முன்னால், அவர் பின்னால். பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனால் நிற்பது என் முடிவு. வியர்த்த உடம்போடு இறங்கினால் குளிர் அடிக்கும், இரண்டு பேருக்கும் காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயம்.

பேச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் இருவருக்கும் மிக நல்ல உரையாடல்கள் நடந்தது மலையில் அல்ல, கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் சாயங்காலம் மெதுவாகச் சுற்றும்போது. வண்டி அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக, ஒருவர் பக்கத்தில் ஒருவர். இருவர் கண்ணும் ரோட்டில் இருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கஷ்டமானதைக்கூடச் சொல்லிவிடலாம். வேலையை விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்ததை எனக்கு அங்கேதான் முதலில் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஒரு தட்டுவடை செட். இந்தச் சின்ன ஓட்டங்களை எந்தச் செயலியிலும் பதிவு செய்வதில்லை.

கடைசியாக என் அம்மாவைப் பற்றி. எனக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள், அதில் அம்மாவும் ஒருவர். அதற்கு முன் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டும். கற்ற பிறகு அம்மா காத்திருக்கவில்லை. அப்பாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, பிறகு அவர்தான் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அவர்களுக்குள் சண்டை குறைந்தது அந்தக் காலத்தில்தான் என்று அம்மா சொல்வார்.

அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கூட வருவதற்காக மட்டும் அவருக்கு சைக்கிள் வாங்கித் தராதீர்கள். அவர் தனியாகவும், தன் தோழிகளோடும் போக வேண்டும். அவர் கிளம்பிப் போகும் ஞாயிறுகளில் நீங்கள் வீட்டில் இருங்கள், இட்லி ஊற்றுங்கள், வாசலில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு அவருக்கு, ஒரு ஞாயிறு எனக்கு, ஒரு ஞாயிறு இருவருக்கும். பாப்பாவை அப்போது மாமியார் பார்த்துக்கொள்வார். நான்காவது ஞாயிறு சைக்கிளே கிடையாது, எட்டு மணி வரை தூக்கம்.

மலைக்கு அவரை முதல்முறை கூட்டிப் போவதென்றால் மே மாதம் வேண்டாம். கோடை விழாவுக்குப் போகும் கார்களும் பஸ்களும் வளைவுகளில் நெருக்கும், புதியவருக்கு அது பயத்தைத்தான் தரும். ஐப்பசி மழை ஓய்ந்து, மார்கழி, தையில் போங்கள். பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்கினால் ஏற்றத்தில் கால் சுலபமாகச் சுற்றும். கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் ஏறி உட்கார்ந்து பார்த்து, நிறத்தையும் அவரே சொல்லட்டும்.