நாத்தனாருக்கும் சேர்த்து ஒரு மாவு மெஷின்

கேள்வி: ஈரோடு பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாமியார், இரண்டு பிள்ளைகள் சேர்த்து ஐந்து பேர். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 36,000. நான் டியூஷன் எடுப்பதில் 6,000. மாமியாருக்குச் சர்க்கரை வந்த பிறகு ராகி, கம்பு, சப்பாத்தி என்று மாறிவிட்டோம். மாதம் 18 கிலோ மாவு ஆகிறது. அதில் 10 கிலோ மில்லில் அரைப்பது, 8 கிலோ பாக்கெட் கோதுமை மாவு. தெருவில் இருந்த மில்லை மூடிவிட்டார்கள். அடுத்த மில் 3 கிலோமீட்டர், கூலி கிலோவுக்கு 10 ரூபாய். வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கலாம் என்று பார்த்தால் சாதாரண மெஷின் 16,500, கல் மெஷின் 27,000. 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு என்கிறார்கள். கல் மெஷினில் அரைத்தால் சர்க்கரைக்கு நல்லது என்றும் கடையில் சொன்னார்கள். சத்துமாவு விற்க ஆசைப்படும் என் நாத்தனார், பெரியதாகவே வாங்கு, எனக்கும் ஆகும் என்கிறார். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 68,000 நிற்கிறது (வட்டி மாதம் 3.5 சதவீதம்). அதில் 46,000 போன வருடம் நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினும் போனும். அவர் இதுவரை 9,000 தந்திருக்கிறார். நான் மாதம் 3,500 விடாமல் கட்டுகிறேன், ஆனால் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. கணவர் பெயரில் 1 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, மகள் கல்லூரிக்கு. இன்னும் இரண்டு வருடத்தில் முதிரும். எந்த மெஷின் வாங்குவது?

பதில்: எந்த மெஷின் என்பதுதான் உங்கள் கேள்வி. எனக்குக் கண்ணில் பட்டது கடிதத்தின் கடைசிப் பகுதி. ஆனாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மெஷினால் உங்களுக்கு என்ன மிச்சம்? மில் கூலி 100 ரூபாய். இரண்டு நடை போய்வர பெட்ரோல் 30 என்று வைப்போம். பாக்கெட் மாவை விட்டுவிட்டுக் கோதுமை வாங்கினால் கிலோவுக்கு 20 ரூபாய் குறையும் என்று கொண்டால், எட்டு கிலோவுக்கு 160. ஆக 290. வீட்டு மெஷினில் இருப்பது பெரும்பாலும் 1 ஹெச்.பி. மோட்டார், மணிக்கு ஐந்தாறு கிலோ அரைக்கும். 18 கிலோவுக்கு மூன்று மணி நேரம், மின்சாரம் இரண்டரை யூனிட் சொச்சம். அதற்கு ஒரு 20 ரூபாய், கோதுமையைப் புடைத்துக் கல் பொறுக்குவதில் கழிவு கொஞ்சம் என்று தள்ளினால் மாதம் 250 தேறும். வருடத்துக்கு 3,000. அதாவது 16,500 ரூபாய் மெஷின் தன் விலையைத் திருப்பித் தர ஐந்தரை வருடம், 27,000 ரூபாய் மெஷின் ஒன்பது வருடம். அதுவும் இடையில் ரிப்பேர் எதுவும் வராவிட்டால்.

இன்னொன்று. மெஷின் வந்துவிட்டால் மில் பக்கமே போக வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் ஊறவைத்து உலர்த்திய அரிசியை ஈரப்பதத்தோடு போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். எள்ளு, நிலக்கடலை போன்ற எண்ணெய்ச் சத்து உள்ளவையும் அப்படித்தான். மிளகாய் அரைத்தால் அடுத்த இரண்டு முறை சப்பாத்தியில் காரம் தெரியும். ஆகவே மிளகாய்த் தூளுக்கும் அரிசி மாவுக்கும் அந்த 3 கிலோமீட்டர் போகத்தான் வேண்டியிருக்கும். வீட்டு மெஷினுக்கு உண்மையான நியாயம் ஒன்று உண்டு: கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லதுதான். அது ருசிக்கும் வசதிக்கும் கொடுக்கும் விலை. அப்படிச் சொல்லிவிட்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மிச்சம் பிடிக்கப்போகிறேன் என்று வாங்காதீர்கள்.

கல் மெஷின் விஷயத்தில் கடைக்காரர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கல்லில் அரைத்தாலும் கத்தியில் அரைத்தாலும் கோதுமை கோதுமைதான். இப்போது எதற்கு முன்னாலும் 'கல்' என்றோ 'மரச்செக்கு' என்றோ போட்டால் விலை ஏறிவிடுகிறது. கல் தேய்ந்தால் கொத்த வேண்டும். அதற்கு உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று கடையில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். என்றைக்கு வாங்கினாலும் சாதாரண மெஷின் உங்கள் வீட்டுக்குப் போதும். சல்லடை தனியாக என்ன விலை, சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, கூடத்தில் வைத்தால் சத்தம் தாங்குமா என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது கிலோ பக்கம் எடை இருக்கும், மாடிக்கும் கீழுக்கும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

சரி, கார்டுக்கு வருவோம்.

68,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,380. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 2,800. நீங்கள் கட்டும் 3,500-ல் அசலுக்குப் போவது வெறும் 700. பாக்கி குறையவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மாதம் 700, 800 ரூபாய்க்கு பெட்ரோலோ மாத்திரையோ இதே கார்டில் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். பாக்கி நிற்கும் கார்டில் வாங்கும் பொருளுக்கு வட்டி இல்லாத அந்த நாற்பது, ஐம்பது நாள் சலுகை கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். மாமியாருடைய மாத்திரைக்குக்கூட வருடத்துக்கு ஏறத்தாழ 50 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மெஷின் மாதம் 250 ரூபாய் மிச்சம் பிடித்துத் தரும். கார்டு மாதம் 2,800 ரூபாய் தின்கிறது. ஆறு மாத வட்டியில் ஒரு மெஷினே வந்துவிடும்.

இந்த நிலையில் அதே கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டால் என்ன ஆகும்? சாதாரண மெஷினுக்கு மாதத் தவணை 1,375. அது கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையில் அப்படியே ஏறி உட்காரும். இன்று 3,500 கட்டவே மூச்சு வாங்குகிறது, அது 4,900 ஆகும். கட்ட முடியாத மாதத்தில் அந்தத் தவணைக்கும் 3.5 சதவீதம். 'நோ காஸ்ட்' என்பதும் முழு உண்மை இல்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லி, அப்படி விற்பதை நிறுத்தச் சொன்னது. இப்போது நடப்பது வேறு ஏற்பாடு: வங்கி வட்டி போடும், கடை அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் காட்டும். வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். 16,500-க்கு அது ஒரு 400, 500 வரும். ரொக்கம் கொடுத்தால் பேரம் பேசிக் குறைத்திருக்கலாம், அதுவும் போச்சு.

இவ்வளவும் ஏன் வந்தது? நீங்கள் ஊதாரி இல்லை. மில் கூலியைக் கிலோக் கணக்கில் எழுதி வைத்திருப்பவர் ஊதாரியாக இருக்க முடியாது. கார்டை இன்னொரு வீட்டின் செலவுக்குக் கொடுத்தீர்கள், அதுதான் வினை. நாத்தனாரின் 46,000-க்கு மட்டும் மாதம் 1,900 வட்டி ஆகிறது. ஒரு வருடத்தில் 22,000-க்கு மேல். அவர் தந்தது 9,000. அவர் மோசம் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இந்தக் கணக்கே தெரியாது. 46,000 வாங்கினோம், 9,000 கொடுத்தோம், மீதி 37,000 என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். இப்போது மூன்றாவதாக மெஷின்.

அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மெஷின் நாள் முழுக்க ஓடுவதற்குச் செய்ததல்ல, சூடேறினால் நின்றுவிடும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வாரண்டி பொதுவாகச் செல்லாது. சத்துமாவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியம் கேள்வி கேட்கும். இதெல்லாம் யார் பெயரில் வரும்? மெஷின் உங்கள் வீட்டில், இணைப்பு உங்கள் வீட்டுக்காரர் பெயரில், கடன் உங்கள் கார்டில். லாபம் மட்டும் அவர் வீட்டில். தொழில் செய்ய ஆசை இருந்தால் நல்லதுதான், சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில், 'சிசு' என்ற பிரிவில் வங்கியில் 50,000 வரை கடன் அடமானம் இல்லாமல் கேட்கலாம். அவர் பெயரில் கேட்கட்டும். முதலில் மில்லில் கூலிக்கு அரைத்து ஒரு ஐம்பது கிலோ விற்றுப் பார்க்கட்டும். விற்றால் மெஷின் தானாக வரும்.

இனி செய்ய வேண்டியது. ஒரு கையில் 7 சதவீதம் தரும் எஃப்.டி., மறு கையில் 50 சதவீதம் கேட்கும் கார்டு. மகளுக்கென்று வைத்த பணத்தைத் தொடுவதா என்று உங்களுக்கு மனசு வராது, தெரியும். உடைக்க வேண்டாம். அந்த எஃப்.டி. மேலேயே வங்கியில் கடன் கேளுங்கள். வைப்புத் தொகையில் 90 சதவீதம் வரைகூடத் தருவார்கள். எஃப்.டி. வட்டியை விட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். எட்டு, ஒன்பது சதவீதம் என்று வையுங்கள். டெபாசிட் அதே இடத்தில் இருக்கும். 68,000 எடுத்து கார்டு பாக்கியை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். நகையை வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்கு இங்கே தேவை இல்லை.

பிறகு அந்தக் கடனுக்கு மாதம் 4,000 கட்டுங்கள். ஏறக்குறைய பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும், மொத்தம் கட்டுவது 73,000 பக்கம். எஃப்.டி. முதிர்வதற்கு முன்பே கடன் தீர்ந்துவிடும். இதே கடனைக் கார்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ரூபாய்கூடப் புதிதாகத் தேய்க்காமல், 3,500 வீதம் கட்டினால் நாற்பது மாதம் ஆகும். மொத்தம் 1,40,000. மாதம் கூடுதலாக 500-ம், இனி ரொக்கத்தில் வாங்க வேண்டிய மாத்திரை, பெட்ரோலுக்கு 800-ம் எங்கே போவது என்று கேட்பீர்கள். மெஷினுக்குத் தவணை கட்ட 1,375 எடுத்து வைக்கத் தயாராக இருந்தீர்களே, அதுதான்.

நாத்தனார் தரும் பணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆனால் கேட்க வேண்டும். வட்டியைக் கேட்காதீர்கள், கிடைக்காது, பேச்சும் கெடும். மீதி அசல் 37,000. மாதம் 2,000 என்று தேதி போட்டு, சம்பளம் வரும் மறுநாளே வங்கியிலிருந்து தானாக உங்களுக்கு வரும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். 'முடிகிறபோது தருகிறேன்' என்ற பேச்சுக்கு இனி இடம் தர வேண்டாம். அப்புறம், இதை நீங்கள் சொல்லாதீர்கள். அவருடைய அண்ணன் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் வந்தவள் பிரிக்கிறாள் என்பார்கள், மாமியார் நடுவில் சங்கடப்படுவார். கூடப் பிறந்தவர் கடைசி ஸ்டேட்மென்டைக் கையில் கொடுத்து, வட்டி என்று அச்சடித்திருக்கும் வரியைக் காட்டினால் போதும், அதிகம் பேச வேண்டியிருக்காது. பொங்கல் சீரை இதோடு சேர்த்துக் கழிக்கவும் வேண்டாம். தங்கைக்குச் செய்கிற சீர் வேறு, கொடுத்துவிட்டால் முடிந்தது. இந்தக் கடன் அப்படி முடிவதாக இல்லை, அதுதான் பிரச்சினை.

கார்டை வங்கியில் சொல்லி லிமிட்டை 15,000-க்கு இறக்குங்கள். கேட்டால் செய்து தருவார்கள். அடுத்த முறை யாராவது ஃபிரிட்ஜோ போனோ கேட்கும்போது, கார்டில் அவ்வளவு லிமிட் இல்லை என்று நீங்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாத்தனார் ஒழுங்காகத் தந்தால் அந்த 2,000-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் 16,500 சேர்ந்துவிடும், ரொக்கமாகப் போய் வாங்கிக்கொள்ளலாம். தராவிட்டால் பதினெட்டு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை கம்பை மட்டும் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோவுக்கு அது தாங்கும், இடையிடையே மோட்டாரை ஆறவிட வேண்டும், அவ்வளவே.

கார்டை முழுதும் அடைத்த அடுத்த மாதமும் ஒரு ஸ்டேட்மென்ட் வரும், அதில் ஆயிரமோ இரண்டாயிரமோ வட்டி இருக்கும். பயப்பட வேண்டாம், பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. அதையும் கட்டிவிட்டு, அதற்கு அடுத்த ஸ்டேட்மென்டில் பாக்கி பூஜ்யம் என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.