பார்வையாளர் குறைந்தால் கீழ்நிலை கால்பந்து கிளப்புகள் ஏன் கடனில் விழுகின்றன?

ஆட்ட நாள் வருமானம் என்பது டிக்கெட், உணவு, பார்க்கிங் மூலம் மைதானத்தில் வரும் பணம். தொலைக்காட்சி உரிமைப் பணத்தின் பெரும்பங்கு மேல் டிவிஷனுக்கே போவதால், கீழே உள்ளவர்கள் இதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

செலவோ கூட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை. பத்துப் பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் பேருந்துக்கு டீசலும் ஓட்டுநர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். மைதானத்திலும் விளக்கு, புல்தரைப் பராமரிப்பு, மருத்துவக் குழு எல்லாம் அப்படியே.

உண்மையில் கழுத்தைப் பிடிப்பது பணம் வரும் நேரம். இங்கிலாந்தின் நான்காம் நிலை டிவிஷனான லீக் டூவில் ஒரு கிளப்புக்கு ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள்தான், சம்பளம் மாதாமாதம். கோடையில் விற்ற சீசன் டிக்கெட் பணத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டால், உறைபனியால் ஓர் ஆட்டம் தள்ளிப்போனாலே சம்பளம் தாமதமாகும். வரிப் பாக்கியும் சேர்ந்துகொள்ளும். ஆட்டத்துக்கு ஆட்டம் பணவரவைக் கணக்கிடாத நிர்வாகம்தான் பெரும்பாலும் சிக்குகிறது.

"ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது தவறு: இங்கிலாந்தின் பரி கிளப் 2019-இல் லீக் டூவிலிருந்து அடுத்த மேல்நிலையான லீக் ஒன்னுக்கு உயர்ந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் நிதிச் சிக்கலால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.