ஏழாம் மாதத்தில் இடுப்பெலும்பு வலி, படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது. "கர்ப்பம்னா அப்படித்தான்" என்று சொல்லி உங்களை அனுப்பியவர்கள் சரியாகச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிற வலி இது. குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை. தாய்க்குத்தான் நடை போகிறது, தூக்கம் போகிறது.

இடுப்பெலும்பு வளையத்துக்கு முன்னால் ஒரு மூட்டு, பின்னால் இரண்டு. முன்மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர், கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். மூன்று மூட்டுகளும் ஒரே சீராக அசையாமல் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறும்போதுதான் வெட்டி இழுக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, கால்களை அகட்டுவது, ஒரு தோளில் பை மாட்டுவது எல்லாம் இதில் சேரும்.

புரளும்போது முழங்கால்கள் இரண்டையும் மடக்கிச் சேர்த்து நடுவில் ஒரு தலையணையை இறுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். தூங்கும்போது தலையணை கணுக்கால் வரை நீளமாக இருக்கட்டும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி மூட்டை மறுபடி திருகும். உடையை உட்கார்ந்தே மாட்டுங்கள். டாக்சியில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம். படியில் ஏற வலி குறைந்த கால் முன்னே, இறங்க வலிக்கிற கால் முன்னே. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்தது. சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போனால் தள்ளுவண்டி எடுத்துப் போங்கள். சாமான் பையை ஒரு கையில் தூக்க வேண்டாம்.

பெல்ட் வாங்கிப் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் அதை வயிற்றைத் தாங்கும்படி மேலே கட்டியிருப்பார்கள். வயிற்றுக்குக் கீழே, பக்கவாட்டில் தொடை எலும்பு துருத்துகிற மட்டத்தில் சுற்றி வர வேண்டும். நடக்கும்போது மட்டும் போடுங்கள், உட்காரும்போது கழற்றிவிடுங்கள். கட்டியதும் வலி கூடினால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை.

முன்எலும்பில் குத்தினால் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். மருத்துவர் சரி என்றால் 500 மில்லிகிராம் பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. 'எக்ஸ்ட்ரா' வகை வேண்டாம், அதில் கஃபீன் இருக்கிறது. மாதவிடாய் வலிக்கு வாங்கி வைத்த போன்ஸ்டான் வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த வகை மருந்து 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்து ரத்தக்குழாயையும் பாதிக்கலாம்.

பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். "குந்தி உட்கார்ந்து பெருக்கு, சுகப்பிரசவம் ஆகும்" என்பது வலி இல்லாதவருக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கு அது மூட்டைப் பிளக்கிற வேலை. யோகா வகுப்பின் பட்டாம்பூச்சி ஆசனமும் அப்படித்தான். வளைகாப்பில் மனையில் சம்மணம் போட்டு உட்கார வைப்பார்கள். நாற்காலி கேளுங்கள், சடங்கு ஒன்றும் கெடாது. எம்ஆர்டி ரயிலில் ஒதுக்கப்பட்ட இருக்கையில் கைப்பேசியைப் பார்த்தபடி தலை நிமிராத இளைஞர்களைப் பற்றி எழுதினால் தனிப் பதிலே ஆகும். வயிறு தெரிகிற பெண் இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரவே கூடாது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேகே மருத்துவமனையிலோ நீங்கள் பார்க்கும் இடத்திலோ பெண்கள் நலப் பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் முதுகுவலிக் கணக்கில் போய்விடும். எந்த எலும்பு, எந்த அசைவில், எத்தனை படி ஏற முடிகிறது என்று சொல்லுங்கள். நடக்கவே முடியாவிட்டால் ஊன்றுகோலும் தருவார்கள். மகப்பேற்று விடுப்பு 16 வாரம் உங்களுக்கு உண்டென்றால், பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே தொடங்கலாம். கடைசி நாள் வரை அலுவலகம் போய் நிரூபிக்க வேண்டியதில்லை.

ரத்தக்கசிவு, நீர் உடைதல், விட்டுவிட்டு வயிறு இறுகுதல், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தை அசைவு குறைதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், தொடை நடுவில் மரத்துப்போய்ச் சிறுநீர் அடக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே எழுதியதை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

36 வாரத்துக்குள் இன்னொன்றையும் செய்து வையுங்கள். மல்லாந்து படுத்து, வலி தொடங்கும் வரை முழங்கால்களை மெல்ல விரித்து, கணவரை டேப்பால் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அந்த சென்டிமீட்டரைப் பிரசவக் குறிப்பில் எழுதி, தாதியிடம் நேரிலும் சொல்லுங்கள். எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்ட பிறகு வலி தெரியாது, கால்களை அந்த அளவைத் தாண்டி விரித்துவிடக்கூடும். ஒருக்களித்துப் படுத்தோ, முட்டி போட்டுக் கைகளை ஊன்றியோ முக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.