டிக்கியில் இன்னொரு பேட்டரி வைக்கலாமா?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 2015 மாடல் டீசல் வண்டி, ஏழு சீட்டர். பின்னால் 12 இன்ச் ஊஃபர், அதற்கு 1000 வாட் மோனோ ஆம்ப், கதவு ஸ்பீக்கர்களுக்கு ஒரு ஃபோர் சேனல் ஆம்ப் போட்டிருக்கிறேன். ராத்திரியில் ஓட்டும்போது பேஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் மங்குகிறது. போன மாதம் முட்டத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டோம். கிளம்பும்போது செல்ஃப் எடுக்கவில்லை, நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை டிக்கியில் வைத்து முன் பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்துவிட்டால் போதும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?"

இரண்டாவது பேட்டரி வைக்கலாம். அந்த இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டாம், வெறும் வயரும் வேண்டாம். காரணங்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: நீங்கள் சொல்லியிருப்பது ஒரு வியாதி அல்ல, இரண்டு. ஓடும்போது லைட் மங்குவது வேறு, நின்ற வண்டியில் பேட்டரி இறங்குவது வேறு. இரண்டாவது பேட்டரி நன்றாகத் தீர்த்து வைப்பது இறங்குகிற பிரச்சினையைத்தான்.

பேட்டரி கரண்டை உற்பத்தி செய்வதில்லை, சேர்த்து மட்டும் வைக்கிறது. உற்பத்தியெல்லாம் டைனமோவின் வேலை. பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வராத வருஷம் ஊரில் இன்னொரு குளம் வெட்டினால் என்ன ஆகும்? இருக்கிற தண்ணீர் இரண்டு குளத்துக்கும் பங்காகும், அவ்வளவுதான்.

உங்கள் ஆம்புகளையே எடுத்துக்கொள்வோம். 1000 வாட் கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதத் திறனில் ஓடினால், உச்சத்தில் 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 90 ஆம்பியர். ஃபோர் சேனல் ஆம்புக்கு இன்னும் நாற்பது, ஐம்பது சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி, ஹெட்லைட், எஞ்சினின் சொந்தத் தேவை தனி. பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடாது, சராசரி இழுவை இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ஆனால் பேஸ் விழும் அந்த நொடியில், அதுவும் வண்டி ஐடிலில் நிற்கும்போது, டைனமோவால் ஈடுகொடுக்க முடியாது. லைட் மங்கும்.

டைனமோவைக் குற்றம் சொல்லுமுன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்தால் 13.8 முதல் 14.4. இப்போது பாட்டைச் சத்தமாக வைத்து, முன் பேட்டரி முனையிலும் ஆம்பின் முனையிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து ஆம்பில் 12.5 வந்தால் கோளாறு வயரில் அல்லது எர்த்தில், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பில். பேட்டரியிலேயே 13-க்குக் கீழே விழுந்தால் டைனமோ போதவில்லை.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது கடற்கரையில். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று எர்த் போல்ட்டைத்தான் முதலில் தின்னும். ஒரு தடவை ஒருவர் இதே புகாரோடு, இரண்டாவது பேட்டரி வாங்கப் பணத்தோடு வந்தார். பின் சீட் கார்பெட்டைத் தூக்கினேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது, லக்கை, அதாவது வயர் முனை வளையத்தை, சுற்றி பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. தகரம் பளபளக்கும் வரை சுரண்டி, புது லக் அடித்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையையும் மாற்றினேன். மங்கல் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு பேட்டரி வியாபாரம் போனதுதான் மிச்சம்.

சரி, எர்த் நன்றாக இருக்கிறது, ஆனாலும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் இரண்டாவது பேட்டரி நியாயமான செலவு. சராசரி 20 ஆம்பியர் என்றாலே இரண்டு மணி நேரத்தில் 40 ஆம்பியர் அவர் போய்விடும். 65 ஆம்பியர் அவர் பேட்டரியில் அதற்குப் பிறகு டீசல் எஞ்சினின் செல்ஃபைச் சுற்ற என்ன மிஞ்சும்? முட்டத்தில் நடந்தது அதுதான்.

இனி அந்த இன்வெர்ட்டர் பேட்டரி. உயரமான டியூபுலர் ரகமென்றால் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். மெதுவாக, நீண்ட நேரம் கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, பேஸின் திடீர் இழுவைக்கு அல்ல. அதைவிட முக்கியம், உள்ளே திரவ ஆசிட். வளைவுகளில் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். உங்கள் வண்டியில் டிக்கி என்பது தனி அறை அல்ல, ஆள் உட்காரும் இடத்தோடு ஒரே காற்று. அதனால் உள்ளே வைப்பதென்றால் சீல் செய்த ஏஜிஎம் பேட்டரிதான், அதில் ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், தளும்பாது. லித்தியம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் அதை டைனமோவோடு நேராகச் சேர்க்கக்கூடாது. கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் நடுவில் வேண்டும், செலவு கூடும்.

பேட்டரியை இரும்புச் சட்டத்தில் உட்காரவைத்து, சட்டத்தைத் தரைத் தகட்டோடு போல்ட் போடுங்கள். ஸ்ட்ராப் மட்டும் போதாது. சடன் பிரேக்கில் 20 கிலோ பேட்டரி முன் சீட்டை நோக்கிப் பறப்பதை யோசித்துப் பாருங்கள். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் குனிந்து டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பார்க்காமல் போட்டவர்கள் உண்டு. பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். டிக்கியில் எதையாவது எறியும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் போதும்.

இப்போது உயிர் போகிற விஷயம், ஃபியூஸ். ஒரே பேட்டரி உள்ள வண்டியில், அதிலிருந்து பின்னால் போகும் வயருக்கு முன்னால் ஒரு ஃபியூஸ் போதும். இரண்டு பேட்டரி என்றால் அந்த வயருக்கு இரண்டு முனையிலும் கரண்ட் ஊற்று இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு வண்டியில் முன்னால் மட்டும் ஃபியூஸ். சீட் போல்ட் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து பாடியைத் தொட்டிருக்கிறது. முன் ஃபியூஸ் ஒழுங்காகப் போய்விட்டது. பின் பேட்டரி? அது மறுமுனையிலிருந்து கரண்டைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷார்ட்டில் ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். கார்பெட் கருகி, சீட் நுரை புகைய ஆரம்பித்தபோது வண்டி நின்றிருந்தது, ஆள் பக்கத்தில் இருந்தார், தப்பித்தது. ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ். பின் பேட்டரியிலிருந்து ஆம்புகளுக்குப் பிரியும் வயர்களுக்குத் தனித்தனி ஃபியூஸ். ஃபியூஸ் அளவு வயரைப் பார்த்து முடிவு செய்வது, ஆம்பின் வாட்டைப் பார்த்து அல்ல. வயர் சூடாகுமுன் ஃபியூஸ் போக வேண்டும், அதுதான் அதன் வேலை.

வயர் 35 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போடுங்கள், 125 அல்லது 150 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஐந்து மீட்டர் ஓட்டத்தில் 100 ஆம்பியருக்குக் கால் வோல்ட் அளவுதான் இழப்பு. அதையே 16 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மலிவான ஆம்ப் கிட்டில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரண்டும் குறையும், உப்புக்காற்றில் சீக்கிரம் பொடியாகவும் ஆகும். படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் இன்னும் நல்லது. எஞ்சின் அறைத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் உறை.

இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஐசொலேட்டர், அதாவது எஞ்சின் நின்றால் இரண்டையும் பிரித்துவிடும் ஸ்விட்ச், வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு இரண்டையும் சேர்த்தே இறக்கிவிடும், மறுபடி நாலு பேர் தள்ள வேண்டும். வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே என்று கேளுங்கள், 140 ஆம்பியர் ரகம் உங்களுக்குப் போதும். எஞ்சின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3 ஏறியதும் சேர்க்கும், 12.8 வாக்கில் இறங்கினால் பிரிக்கும். அதற்குப் பதில் வேறு ரிலே போடாதீர்கள்: ஹார்ன் ரிலே 30, 40 ஆம்பியருக்கு மேல் தாங்காது, செல்ஃப் சொலினாய்டோ சில நொடி வேலைக்கானது, தொடர்ந்து போட்டால் காயில் எரியும். புது வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: கம்ப்யூட்டர் டைனமோவின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வண்டிகளில் இந்த ரிலே குழம்பும், டிசி-டிசி சார்ஜர்தான் வழி. நெகட்டிவ் முனையில் சென்சார் இருந்தால் எந்த எர்த்தையும் அந்த முனையில் நேராக மாட்டாதீர்கள், பாடியில் மாட்டுங்கள்.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு. புது பேட்டரியைத் தனியாக முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகே சேர்ப்பது நல்லது. ஃபியூஸ்கள் கடைசியில். இரண்டு ஆம்பும் ஸ்டீரியோவும் பின் பேட்டரியில், வண்டியின் மற்றதெல்லாம் பழையபடி முன் பேட்டரியில். முடிந்ததும் அரை மணி நேரம் சத்தமாக ஓட்டிவிட்டு, பாட்டை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதன் கிரிம்ப், அதாவது வயரோடு அழுத்திய இடம், சரியில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பான் டிரைவர் சீட் அருகில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள்: தனியாக மாட்டிய எலக்ட்ரிகல் சாமான்களைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

பின் பேட்டரிக்கு ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரை டேஷ்போர்டில் மாட்டுங்கள். நின்ற வண்டியில் பாட்டு ஓடும்போது 12.2-க்கு வந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஏஜிஎம் சீக்கிரம் செத்துவிடும். அப்புறம் அந்த இன்வெர்ட்டர் பேட்டரி: புது ஏஜிஎம் வாங்கும் கடையில் எடையைச் சொல்லிக் கேளுங்கள், பழைய பேட்டரிக்கு நல்ல தொகை கழிப்பார்கள்.