நான் வேலைக்குக் கிளம்பினாலே எங்கள் நாய் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது. எப்படிப் பழக்குவது?

தயவுசெய்து அடிக்காதீர்கள். அது உங்களைப் பழிவாங்கவில்லை, பயந்துபோயிருக்கிறது. வந்ததும் திட்டினால், நீங்கள் வீடு திரும்புவதற்கும் அஞ்சத் தொடங்கும்.

எங்கள் நாட்டு நாய்க்குச் சாவிக்கொத்துச் சத்தமே போதும். காது பின்னால் மடியும், மூச்சு வாங்கும், வாசற்கதவருகே தரை எச்சிலால் நனைந்துவிடும். அதனால் சாவியிலிருந்தே தொடங்கினேன். சாவியை எடுப்பேன், போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். செருப்பை மாட்டுவேன், கழற்றிவிட்டுக் காய் நறுக்கப் போவேன். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தத்துக்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

பிறகுதான் கதவு. வெளியே 5 நொடி நின்று திரும்புங்கள். அடுத்து 10, 30, ஒரு நிமிடம். நாய் பதறுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், இதுதான் உயிர்நாடி. பதறினால் நேரத்தைக் குறையுங்கள். அரை மணி நேரத்தை எட்டவே பல வாரங்கள் பிடிக்கலாம். பழைய கைபேசியை வீடியோ அழைப்பில் வைத்துவிட்டுப் போனால் உள்ளே நடப்பது தெரியும். பயிற்சிக் காலத்தில் நாயை நாள் முழுக்கத் தனியே விடாதீர்கள்; வீட்டுப் பெரியவர்களிடமோ பக்கத்து வீட்டிலோ ஒப்படையுங்கள். கூண்டில் அடைப்பதும் வேண்டாம், பதற்றத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

தன்னையே காயப்படுத்திக்கொண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளோமிப்ரமின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளை இதற்குத் தருகிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பயிற்சியையும் நிறுத்தாதீர்கள்.