பள்ளிக்குப் பிறகு, செய்து கற்க உதவும் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பள்ளி இறுதித் தேர்வு நெருங்குகிறது, புத்தகத்தை மட்டும் படித்துப் பட்டம் வாங்க விருப்பமில்லை, ஆனால் எல்லாக் கல்லூரிகளும் செய்முறைக்கு முதலிடம் தருவதாகவே சொல்கின்றன, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதினான்கு ஆண்டுகளாக இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். புதிதாகப் பட்டம் பெற்று வருகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் வேலை பழக்குவது என் பொறுப்பு. அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் அவர்களிடம் ஓடாத மோட்டார் ஒன்றைக் கொடுத்து, என்ன பழுது என்று பார்க்கச் சொல்வேன். ஒருமுறை இருவர் ஒரே நாளில் வந்தார்கள். ஒருவர் வகுப்பில் முதலிடம் பிடித்தவர். மோட்டார் இயங்கும் விதத்தைக் கரும்பலகையில் பிழையில்லாமல் வரைந்து விளக்கினார், ஆனால் எதிரே இருந்த மோட்டாரில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். இன்னொருவர் நடுத்தர மதிப்பெண் பெற்ற பெண். முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தார். மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துச் சரிபார்த்தார். பிறகு மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச் சுருள்களில் ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து குறித்துக்கொண்டார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். அவருடைய கல்லூரிப் பட்டறையில் இருந்த உதவியாளர் வாரந்தோறும் ஏதாவது ஒரு பழுதை வேண்டுமென்றே உண்டாக்கி வைத்துவிட்டு, கண்டுபிடிக்கச் சொல்வாராம்.

நான் படித்த கல்லூரியில் அப்படி யாரும் இருக்கவில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைகளைத்தான் செய்தோம். அளவீடு ஒத்துவராவிட்டால் விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தி எழுதிக்கொண்டோம். ஏன் ஒத்துவரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது என்பது வேலைக்கு வந்த பிறகே புரிந்தது. அந்த இழப்பு இன்றைக்கும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஆகவே கல்லூரியில் என்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்பதைவிட, ஒரு மாணவரின் கை அந்தக் கருவியின் மேல் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் விளக்கத்துக்கு அரை மணி போனால் மீதி 150 நிமிடம். ஒரு கருவிக்கு ஐந்து மாணவர்கள் என்றால் ஆளுக்கு 30 நிமிடம். 14 வாரம் கொண்ட ஒரு பருவத்தில் மொத்தம் ஏழு மணி நேரம். அதுவும் ஐவரும் முறை வைத்துச் செய்தால்தான். நடப்பில் துணிச்சலான ஒருவர் செய்வார், மற்ற நால்வர் குறிப்பெடுப்பார்கள். இருவருக்கு ஒரு கருவி இருக்கும் கல்லூரியில், கருவி பழையதாக இருந்தாலும், இரண்டரை மடங்கு நேரம் கிடைக்கிறது.

வேலையையும் படிப்பையும் பின்னிக் கொடுக்கும் முறை புதியதல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 பொறியியல் மாணவர்களை வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பிப் படிக்க வைத்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் இரட்டைக் கல்வி முறையில் மாணவர் ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, படிக்கும் காலத்திலேயே அதனிடம் ஊதியம் பெறுகிறார். அங்கே பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1974இல் தொடங்கிய வடிவத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை. வேலை என்பது பாடத்திட்டத்தின் பாதியாகவே இருக்கிறது. விடுமுறையில் ஆறு வாரம் எங்காவது போய் ஒரு சான்றிதழ் வாங்கி வருவதையும் இதையும் பயிற்சிப் பணி என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள், அதனால்தான் மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆறு வாரத்தில் புதிய இடத்தின் நடைமுறையைத் தெரிந்துகொள்ளவே நேரம் சரியாக இருக்கும். பயிற்சிப் பணி எத்தனை மாதம், இடத்தைக் கல்லூரி தேடித் தருகிறதா அல்லது மாணவரே தேட வேண்டுமா, அங்கே யார் மேற்பார்வை பார்க்கிறார்கள், அதற்கு மதிப்பெண் உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் விசாரியுங்கள். தொழில் சார்ந்த படிப்புகளைத் தரும் ஜெர்மனியின் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று ஆண்டாவது கல்விக்கூடத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். இது நல்ல அளவுகோல். நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? பட்டறை உதவியாளரையும் மறக்காதீர்கள். பல இடங்களில் மாணவருக்கு உண்மையான ஆசான் அவர்தான், கல்லூரியின் விளம்பரக் கையேட்டில் மட்டும் அவர் பெயர் இருப்பதில்லை.

நேரில் போக முடிந்தால், வேலை நாளில், முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள். திறப்புவிழா நாளைப்போல மின்னும் இயந்திரங்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கீறல் விழுந்த மேசை, குப்பைத் தொட்டியில் வெட்டுத் துண்டுகள், தவறாகப் பற்றவைத்த மின்சுற்றுப் பலகைகள் இருந்தால் அங்கே யாரோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், "நீங்கள் செய்த ஒன்றைக் காட்ட முடியுமா? அதில் முதலில் என்ன தவறு நடந்தது?" என்று கேளுங்கள். உண்மையில் தன் கையால் செய்தவர் தவறைப் பற்றி நிறுத்தாமல் பேசுவார். மாலையில் வகுப்பு முடிந்த பின் பட்டறை திறந்திருக்கிறதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். செவிலியர் படிப்பென்றால் எத்தனை மணி நேரம் நோயாளிகளிடையே, வடிவமைப்பென்றால் எத்தனை வேலைகள் உண்மையான வாடிக்கையாளருக்காக என்று கேள்வியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செய்முறை என்ற பெயரில் கணிதத்தையும் அடிப்படைக் கோட்பாட்டையும் குறைக்கும் படிப்புகள் இருக்கின்றன. ஒரே ஒரு மென்பொருளையோ ஒரே மாதிரி இயந்திரத்தையோ இயக்கப் பழக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கருவி மாறும் நாளில் அந்த மாணவர் திரும்பவும் தொடக்கத்தில் நிற்பார். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மின்தடையை அளக்கவும் தெரிந்தது, மூன்று சுருள்களின் அளவும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. பாடத்திட்டத்தை வாங்கி, முதல் இரண்டு ஆண்டுகளில் அடிப்படைப் பாடங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பின்னும் நினைத்த இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது சேர்ந்த கல்லூரியில் முதல் மாதமே பட்டறை உதவியாளரிடம் போய், பழுதென்று ஒதுக்கி வைத்திருக்கும் கருவி ஏதாவது இருந்தால் பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். எங்களிடம் வந்தவர்களில் இருவர் அப்படித்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். இருவருக்கும் நான் அதிகமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.