ஏற்காடு ஏறும் ட்ரைபாடுக்கு எந்தப் பால் ஹெட்? கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஏற்காடு ஏறி, வெயில் உறைப்பதற்குள் சேலத்துக்கு இறங்கிவிடுகிற சிறு கூட்டம் எங்களுடையது. அதில் பழைய ஆள் நான். இந்த முறை புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் ஒரே சமயத்தில் எடை குறைந்த பயண ட்ரைபாட் வாங்கிவிட்டு, மேலே எந்தப் பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்துப் பூட்ட உதவும் பந்துத் தலை) மாட்டுவது என்று ஆளுக்கொரு கேள்வி அனுப்பினார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிக் கை வலித்ததால் மொத்தமாக இங்கே. (பால் ஹெட் வாங்கப் போகிறேன் என்று முதல் தடவை வீட்டில் சொன்னபோது, "அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்று கேட்டார் அம்மா.)

அண்ணா, என்னிடம் இருப்பது கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஒரு ஹெட்டின் பெட்டியில் 8 கிலோ தாங்கும் என்றும் இன்னொன்றில் 15 கிலோ என்றும் போட்டிருக்கிறது. 15 கிலோவை வாங்கினால் தப்பில்லையே? (அஸ்தம்பட்டி)

தம்பி, உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்த்தே 700 கிராம் வராது. 8 போதாமல் 15 எதற்கு? அது போகட்டும், அந்தக் கிலோ கணக்கையே நான் பார்ப்பதில்லை. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுமுறை எதுவும் இதற்குக் கிடையாது. நிமிர்த்தி வைத்து மேலே பாரம் ஏற்றி அளந்தார்களா, சாய்த்து வைத்து அளந்தார்களா என்று பெட்டியில் எழுதியிருக்காது. நிமிர்ந்து நிற்கும் ஹெட் எதையும் தாங்கும். சாய்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பூட்டிய பிறகு கேமரா கீழே இறங்குகிறதா? கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும், இருப்பதிலேயே நீளமான லென்ஸையும் கொண்டு போங்கள். ஹெட்டில் மாட்டி, பாதியளவு சாய்த்து, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். அதில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளியைத் திரையின் நடுவில் வைத்து, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் காட்சி தெரியும் முறை) 10 மடங்கு பெரிதாக்குங்கள். பூட்டுத் திருகை இறுக்குங்கள். இப்போது மெதுவாகக் கையை எடுங்கள்.

புள்ளி திரையில் லேசாக நகரும். எல்லா ஹெட்டிலும் கேமரா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஆனால் திரையை விட்டே ஓடிவிட்டால் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நின்றுவிட்டால் அப்படியே ஒரு நிமிடம் காத்திருங்கள். ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் அதுவும் வேண்டாம். திருகை இறுக்கும்போதே படம் பக்கவாட்டில் குதிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குதிக்கிற ஹெட்டை வைத்துக்கொண்டு, எங்கே வந்து நிற்கும் என்று ஊகித்து ஊகித்தே காலை வெளிச்சம் போய்விடும்.

கடைக்காரர் முகம் சுளித்தால், வேறு கடை பாருங்கள்.

சார், பந்தின் விட்டம் பற்றிச் சொல்லுங்கள். 28, 36, 44 மி.மீ. என்று வருகிறது. என்ன வித்தியாசம்? (சூரமங்கலம்)

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி தடித்திருந்தால் கை வழுக்காமல் முறுக்க முடிகிறதல்லவா, அதே கணக்கு. ஒரே அளவு அழுத்தம் கொடுத்தாலும் பெரிய பந்தில் பிடி மையத்திலிருந்து தள்ளி விழுகிறது, அதனால் கேமரா கீழே சாய முயலும்போது எதிர்த்து நிற்கும் சக்தி கூடுகிறது. கேமராவின் கனம் பந்தின் மையத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குள்ளமான ஹெட்டை நான் விரும்புவது அதனால்தான்.

சின்ன மிர்ரர்லெஸ் கேமராவும் கைக்கடக்கமான லென்ஸும் என்றால் 28 அல்லது 30 மி.மீ. போதும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும் எப்போதாவது ஒரு 70-200 எஃப்4 லென்ஸும் என்றால் 36. அதற்கு மேல் போனால் ஹெட்டே அரைக் கிலோவைத் தொடும். ஒரு கிலோ ட்ரைபாட் காலின் தலையில் அரைக் கிலோவை வைத்தால் காற்றடிக்கும்போது கரகம் ஆடுவது போல ஆடும். காலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஹெட் என்பது என் கைக்கணக்கு. சூத்திரம் எல்லாம் இல்லை.

அண்ணா, என் ட்ரைபாடின் கால்கள் மேல்நோக்கி மடங்கி ஹெட்டைச் சுற்றிக்கொள்ளும். புது ஹெட் போட்டதிலிருந்து கால்கள் சேரமாட்டேன் என்கின்றன. (ஓமலூர்)

ஹெட்டின் உயரத்தைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள், இங்கே இடிப்பது அகலம். மடிப்பதற்கு முன் நடுத்தண்டை முழுக்க மேலே இழுத்துவிட்டு, ஒவ்வொரு திருகும் இரண்டு கால்களுக்கு நடுவில் வருகிற மாதிரி ஹெட்டைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் சேரவில்லை என்றால் ஹெட்டின் அடித்தட்டு ட்ரைபாடின் மேல்தட்டைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். இனி வாங்கப் போகிறவர்கள் ட்ரைபாடையும் கையோடு கொண்டுபோய் மடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேமராவின் அடியில் மாட்டும் தகட்டை ஆர்கா ஸ்விஸ் பிளேட் என்கிறார்களே, எல்லா பிளேட்டும் எல்லா ஹெட்டிலும் சேருமா? (வாழப்பாடி)

பெரும்பாலும் சேரும், ஆனால் உத்தரவாதம் இல்லை. ஆர்கா ஸ்விஸ் ஒரு நிறுவனத்தின் பெயர். அவர்களுடைய, புறாவின் வால் போல விரிந்த பள்ளத்தைப் பார்த்து மற்றவர்கள் செய்யத் தொடங்கி, அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து அளவு நிர்ணயிக்கவில்லை. அதனால் ஒரு பிளேட் நூலளவு அகலமாகவும் இன்னொன்று ஒடுக்கமாகவும் இருக்கும். பிளேட்டைக் கவ்வும் பிடிதான் க்ளாம்ப். திருகி இறுக்கும் க்ளாம்ப் இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். நெம்பி மூடும் க்ளாம்ப் வேகமானது, ஆனால் பிளேட் மாறினால் லொடலொடக்கும், இல்லையென்றால் மூடவே மூடாது. வெவ்வேறு கம்பெனி பிளேட்டுகள் கையில் இருந்தால் திருகு வகையே எடுங்கள். பழைய மேன்ஃப்ராட்டோ 200பிஎல் பிளேட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது வேறு வடிவம், ஆர்கா க்ளாம்பில் உட்காராது.

திருகு ஒன்று உள்ள ஹெட், மூன்று உள்ள ஹெட். எது? (அயோத்தியாப்பட்டணம்)

குறைந்தது இரண்டு: பந்தைப் பூட்ட ஒன்று, அடித்தட்டைச் சுழற்ற ஒன்று. மூன்றாவது உராய்வுத் திருகு. கேமராவின் எடைக்கு ஏற்ப அதை ஒருமுறை வைத்துவிட்டால், பெரிய திருகைத் தளர்த்தினாலும் கேமரா தொப்பென்று விழாது, கை வைத்த இடத்தில் நிற்கும். கனமான லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

ஆனால் மூன்றும் ஒரே வடிவத்தில் இருந்தால் இருட்டில் ஆபத்து. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஒரு விடிகாலை, சுழற்றுவதற்கான திருகு என்று நினைத்துப் பந்தின் திருகைத் தளர்த்திவிட்டேன். கேமரா தலை குப்புறக் கவிழ்ந்து லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்மறைப்பு) ட்ரைபாட் காலில் மோதி விரிசல் விட்டது. மறுநாளே பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிப் பெரிய திருகின்மேல் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம், பனியில் விரலும் வழுக்காது.

அண்ணா, ஹெட் தானாகக் கழன்று வருகிறது. ஏன்? (கன்னங்குறிச்சி)

நீங்கள் பைக்கில் ஏறுகிறவர்தானே? இருபது கொண்டை ஊசி வளைவிலும் பை குலுங்கினால் எந்தத் திருகும் தளரும். இன்னொரு காரணமும் உண்டு. ஹெட் உட்காருவது பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகாணியில், சின்ன ட்ரைபாடுகளில் 1/4 அங்குலத்தில். அடித்தட்டின் பூட்டைத் திறக்காமல் கேமராவை இடப்பக்கம் தள்ளினால் ஹெட்டே திருகாணியிலிருந்து கழல ஆரம்பிக்கும். பகோடா பாயிண்ட்டில் சூரியன் கிளம்புகிற நேரம் பார்த்து எனக்கு இது நடந்தது. இரண்டே சுற்றில் தொங்கிக்கொண்டிருந்த கேமராவைக் கழுத்துப் பட்டைதான் காப்பாற்றியது.

ட்ரைபாடின் மேல்தட்டுக்கு அடியில் இரண்டு மூன்று குட்டித் திருகுகள் தெரிகிறதா பாருங்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) அவற்றைத் தளர்த்தி, ஹெட்டை நன்றாக இறுக்கியபின், மறுபடி மேல்நோக்கி முறுக்கினால் ஹெட்டின் அடியைக் கவ்விக்கொள்ளும். உங்களுடையதில் அவை இல்லையென்றால், கழற்றக்கூடிய வகை த்ரெட் லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும்.

லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் முழுவதையும் பனோரமாவாக எடுத்தேன். ஊரே ஒரு பக்கம் சரிந்திருக்கிறது! கேமராவில் லெவல் பார்த்துத்தான் எடுத்தேன். (ஆத்தூர்)

கேமராவை நேராக வைத்தீர்கள், ட்ரைபாடை நேராக வைக்கவில்லை. சாதாரண பால் ஹெட் பந்துக்குக் கீழேதான் சுழலும். கால் சாய்ந்திருந்தால் சுழலும் அச்சும் சாய்ந்திருக்கும், கேமராவைத் திருப்பத் திருப்ப அடிவானம் சரியும். பாறைமேல் நிறுத்தும்போது முதலில் காலின் நீளத்தை மாற்றி அடித்தட்டைச் சமமாக்குங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பந்துக்கு மேலே, க்ளாம்புக்கு அடியிலேயே சுழலும் வகை ஹெட்டுகள் இருக்கின்றன. கால் எப்படி நின்றாலும் பந்தைச் சமமாக்கினால் போதும். மலையில் படம் எடுக்கிறவர்களுக்கு அது வசதிதான், ஐம்பது நூறு கிராம் கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

நட்சத்திரம் எடுக்க வேண்டும். கேமராவை மேலே பார்க்கத் திருப்பினால் ஒரு இடத்தில் இடித்து நின்றுவிடுகிறது. (சங்ககிரி)

பந்தின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளம் வெட்டியிருப்பார்கள், அந்தப் பள்ளம் லென்ஸுக்கு எதிர்ப்பக்கம் வருகிற மாதிரி ஹெட்டைத் திருப்பினால் கேமரா முழுக்கப் பின்னால் சாயும். ஏற்காட்டிலிருந்து பால்வீதியின் மையம் தெற்கே ஏறத்தாழ 49 பாகை உயரத்துக்குத்தான் வரும், அதனால் ரொம்பவும் நிமிர்த்த வேண்டியிருக்காது. தொந்தரவு வேறு. சேலத்தின் வெளிச்சம் தெற்கும் தென்மேற்குமாகக் கீழ்வானத்தை வெளுத்து வைத்திருக்கும். அதைப் படத்தில் சேர்ப்பதா வெட்டுவதா என்பது உங்கள் விருப்பம்.

செங்குத்துப் படத்துக்கும் அதே பள்ளம்தானா? (மேட்டூர்)

ஆமாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. கேமரா ஒரு பக்கமாகத் தொங்கும், எடை நடுவிலிருந்து விலகும், லேசான ட்ரைபாட் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். எல் பிராக்கெட் (கேமராவின் அடியிலும் பக்கத்திலும் வரும் L வடிவத் தகடு) ஒன்று வாங்கினால் கேமராவை மட்டும் திருப்பி மாட்டலாம், எடை நடுவிலேயே இருக்கும். ஹெட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள் என்பேன்.

மூக்கனேரியில் பறவை எடுக்க 150-600 லென்ஸ் வைத்திருக்கிறேன். 30 மி.மீ. ஹெட் தாங்குமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

வேண்டாம் சார். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தில் பிளேட்டை மாட்டினாலும், கொக்கு பறக்கும்போது பந்தைத் தளர்த்தினால் லென்ஸ் முன்னால் கவிழும், விரல் நசுங்கும். அதற்கு, கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கும் கிம்பல் ஹெட்டும் கனமான ட்ரைபாடும் வேண்டும். பயண ட்ரைபாட் அந்த வேலைக்கு இல்லை.

கல்யாண வீடியோவுக்கு? (நாமக்கல்)

வீடியோவுக்கென்றே சீராக நகரும் ஃப்ளூயிட் ஹெட். பால் ஹெட்டில் வழுக்காமல் ஒரு பான் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது) செய்து காட்டினால் நானே டீ வாங்கித் தருகிறேன்.

அக்கா வீட்டு எஸ்டேட்டில் காபிப் பூ எடுக்கப் போகிறேன். மேக்ரோ, அதாவது மிக நெருக்கத்தில். ஹெட் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? (ஏற்காடு)

மேக்ரோவில்தான் நான் முதலில் சொன்ன இறக்கம் உயிரை வாங்கும். பூட்டியபின் ஒரு மி.மீ. இறங்கினாலே ஃபோகஸ் மகரந்தத்திலிருந்து இதழுக்குப் போய்விடும். பால் ஹெட்டின் பலவீனமும் அங்கேதான் தெரியும்: கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த நினைத்தால் எல்லாப் பக்கமும் கழன்றுவிடும். உராய்வைக் கூட்டி வைத்து, வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே வைத்துப் பூட்டுங்கள். இறங்கி வந்து சரியாக உட்காரும். மழை விழுந்து சுமார் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகும், இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். ஹெட்டோடு பழகுவதை முதல் நாளே வீட்டுத் தோட்டத்தில் முடித்துவிடுங்கள்.

பனியில் பந்து ஈரமாகிறது. எண்ணெய் போடலாமா? (அஸ்தம்பட்டி, முதல் கேள்வி கேட்டவரே)

ஐயோ, வேண்டாம். பந்து நிற்பதே உராய்வில்தான். எண்ணெய் போட்டால் அந்தப் பிடிமானம் போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து, வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். மேட்டூர்ப் பக்கம் மணலில் போட்டுவிட்டால் மட்டும் துடைப்பதற்கு முன் ஊதிவிடுங்கள். மணலோடு துடைத்தால் பந்தில் கீறல் விழும்.

அண்ணா, இவ்வளவு சொன்னீர்களே, நீங்கள் வைத்திருப்பது எது? (ஓமலூர்)

36 மி.மீ. பந்து. பெயர் சொல்லிப் பயனில்லை, அந்த மாடல் இப்போது வருவதில்லை. கறுப்புப் பூச்சு பாதி போய்விட்டது. சைக்கிள் டியூப் வளையம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் அதைப் பார்த்துவிட்டு நம் கூட்டத்திலேயே ஒருவர், "சார், இந்த கிரிப் தனியாகக் கிடைக்குமா, எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.